சீனிச்சாமியின் எண்பது நாட்டுக் கிளைகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் போகிறவர்களுக்கு ஊக்கு சீனிச்சாமியைத் தெரியாமல் இருக்காது. கடை என்று பார்த்தால் நடைபாதையில் விரித்த இரண்டரை அடிச் சாக்குதான். ஊக்கு, பாவாடை நாடா, கொண்டை ஊசி, தீர்ந்தது சரக்கு. சாயங்காலம் சாக்கைச் சுருட்டும்போது இடத்துக்கு அடையாளமாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார். செங்கல் இருக்கும் இடத்தில் வேறு யாரும் கடை போட மாட்டார்கள், அது அந்தத் தெருவின் சட்டம். கடைதான் இத்தனூண்டு. வாயைத் திறந்தாரென்றால் அதற்கு மதுரை போதாது. பக்கத்தில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் ஜெயக்கொடிக்கு இது பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

அன்றைக்கு மட்டும் அவளால் அப்படி விட முடியவில்லை. நடைபாதை வியாபாரிகளைக் கணக்கெடுக்க மாநகராட்சியிலிருந்து தமயந்தி என்று ஓர் அம்மாள் படிவத்தோடு வந்திருந்தார். பேர் பதிந்தால் அடையாள அட்டை. அட்டை இருந்தால் மாநகராட்சி லாரி வந்து சாக்கை அள்ளிக்கொண்டு போகாது. வேறு கடையோ கூலியாளோ வைத்திருப்பவருக்கு அட்டை கிடையாது. போன மாசம் மட்டும் சீனிச்சாமியின் சாக்கு இரண்டு தடவை லாரி ஏறியிருந்தது. இன்னொரு தடவை ஏறினால் மனுஷன் மறுபடி சரக்குப் போட வழியில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று ஜெயக்கொடி காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பேர் சொன்னார், வயசு சொன்னார். அந்த அம்மாள்தான் பாவம், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"கூச்சப்படாதீங்கய்யா. உலகத்துல வேலை பாக்குறவங்கள்ல பாதிக்கு மேல உங்கள மாதிரிதான். போர்டு கிடையாது, பதிவு கிடையாது."

வந்தது வினை. "அதுல பாதிக்கு மேல நம்ம ஆளுங்கதான் மேடம்" என்று சீனிச்சாமி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஆப்பிரிக்காவில் லாகோஸ் என்று ஒரு பட்டணமாம். அங்கே பஸ் நெரிசலில் தண்ணிப் பாக்கெட் விற்கிறவர்களெல்லாம் இவருடைய நாடாவில்தான் பாக்கெட்டைக் கோத்துக் கட்டுகிறார்களாம். பெரு நாட்டு மலைமேல் சோளம் விற்கும் பெண்களின் குடை பறக்காமல் நிற்பது இவர் ஊக்கில். பாங்காக்கில் படகில் காய் விற்கிறவர்கள் இவரைக் கேட்காமல் துடுப்பைத் தொடுவதில்லை. மொத்தம் எண்பது நாட்டில் கிளை. அங்கெல்லாம் செங்கல் வைத்து இடம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவரேதான்.

எதிரே குடை ரிப்பேர் பார்க்கும் காஜாமைதீனுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நீங்க திருமங்கலத்தத் தாண்டிப் போனதில்லையே."

"நான் எதுக்கு மாப்ள போகணும். அதான் செங்கல் போகுதே."

போன வருஷம் ஒருநாள் காய்ச்சலில் செங்கல்கூட வைக்காமல் படுத்துவிட்டாராம். சேதி தெரிந்ததும் எண்பது நாட்டுப் பிளாட்பாரமும் லீவு. பத்து மணிக்குள் உலகம் நாறிப்போனது. ஆபீசர்களுக்கு டீ இல்லை, கோட்டுப் போட்டவர்களுக்குச் சோறு இல்லை, சட்டை தேய்க்க ஆள் இல்லை. ஒரு நாட்டில் பித்தான் அறுந்த மந்திரிகள் இருபது பேர் ஊக்குக் கிடைக்காமல் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்களாம். ஓட்டெடுப்பில் கை தூக்க ஆளில்லாமல் சட்டமே நிறைவேறவில்லையாம்.

தமயந்தி எழுதிக்கொண்டே இருந்தார். ஜெயக்கொடி இருமிப் பார்த்தாள், தராசைத் தட்டிப் பார்த்தாள். மனுஷன் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. மத்தியானம் நெருங்கும்போது பூமியே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததாம். பின்னே, பாதி ஜனம் வீட்டில் படுத்துக்கொண்டால் சாயாதா? கடல் வழிந்து, திமிங்கிலங்கள் கரையேறி ஆட்டோ தேடினவாம். ஆட்டோவும் லீவு. கடைசியில் இவர் போர்வையோடு எழுந்து வந்து செங்கல்லை இதே இடத்தில் ணங்கென்று வைத்தாராம். பூமி நிமிர்ந்தது. கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டதால் கிழக்கே ஒரு விரற்கடை சாய்வு கூடிப்போயிற்று. அதனால்தான் ஜெயக்கொடியின் வண்டியிலிருந்து கொய்யா இன்றைக்கும் அந்தப் பக்கமே உருளுகிறதாம்.

தமயந்தி பேனாவை மூடினார். "எண்பது நாட்டுல கிளை, எண்ண முடியாத ஆளுங்க. இந்த அட்டை வேற வழியில்லாதவங்களுக்குய்யா. உங்களுக்கு வராது."

சீனிச்சாமியின் முகம் செத்துவிட்டது. ஜெயக்கொடிக்கு ஆத்திரமும் பாவமும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொல்லித் தொலைக்கச் சொன்னாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"நெசம் என்னன்னா மேடம், என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

ஜெயக்கொடிக்கு மூச்சு வந்தது. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என்னைவிட இல்லாதவன் எண்பது நாட்டுலயும் கிடையாது. லாகோஸ்ல ஒருத்தன் போட்டிக்கு வந்தான். அவனுக்கு நிழலாவது இருந்துச்சு. என் நிழலு அடகுல இருக்கு."

அவர் வீட்டு எலிகள்தான் மாசாமாசம் அவருக்கு அரிசி கொடுத்து உதவுகின்றனவாம். இந்தச் சாக்கில் இருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, உண்மையில் இல்லையாம். சரக்கே இல்லாதவருக்கு வியாபாரி அட்டை எப்படிக் கொடுப்பது என்று தமயந்தி படிவத்தைக் கிழிக்கப் போனார்.

ஜெயக்கொடி வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "நான் சொல்றேன், எழுதிக்கங்க. சாக்கு ரெண்டரை அடி. ஊக்கு அறுபது அட்டை, நாடா முப்பது கட்டு, கொண்டை ஊசி ஒரு டப்பா. வேற கடை இல்ல, வேற வழியும் இல்ல. மழை பேஞ்சா அன்னைக்கு அடுப்பு எரியாது."

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று தமயந்தி கேட்டார்.

"அண்ணன் சாப்பிடப் போறப்ப நான்தானே வித்துக் குடுக்குறேன். நான் போனா என் வண்டிய அவரு பாத்துக்குவாரு. இங்க எல்லாரும் அப்படித்தான்."

தமயந்தி சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினார். கையெழுத்துப் போடப் படிவத்தில் பேனாவை ஊன்றினார். சீனிச்சாமியின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"பாத்தீங்களா மேடம், ஆள் வச்சுத்தான் நடத்துறேன்னு நான் அப்பவே..."

ஜெயக்கொடி இருந்ததிலேயே பெரிய கொய்யாவாகப் பார்த்து எடுத்து அவர் வாயில் திணித்தாள். கையெழுத்துக் காயும்வரை கையை எடுக்கவில்லை.