மருதாசலத்தின் கொக்கி

காரமடை சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பொன்னாத்தாளுக்கு வயது முப்பத்தொன்பது. அவளிடம் தொழில் பழகிய ஆறுச்சாமிக்கு ஐம்பத்து மூன்று. வேலை பார்த்த மில்லை மூடியதும் வந்து சேர்ந்தவர். சீடர் குருவை 'அம்மிணி' என்பார். குரு சீடரை 'அண்ணா' என்பாள். இரண்டே வருடத்தில் அவர் வெல்டிங் அவளுடையதைவிட அழகாக விழுந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆடி மாதம் மருதாசலம் என்ற டிராக்டர்காரர் எஸ்டேட் சரிவில் மரம் இழுக்கும்போது வண்டி கவிழ்ந்து செத்துப்போனார். அந்த வண்டிக்கு இழுவைக் கொக்கி செய்து மாட்டியவர் ஆறுச்சாமி. பொன்னாத்தாள் அன்னூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் செய்த வேலை.

சேதி வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மிணி, என் வெல்டிங் விட்டுப் போச்சுங்களா?"

"கொக்கியப் பாக்காம எப்படிங்கண்ணா சொல்றது?"

மறுநாளும் கேட்டார். அவளும் அதையேதான் சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மருதாசலத்தின் மனைவி தங்கமணி வந்தாள். கையில் சாக்கில் சுற்றிய கொக்கி.

ஆறுச்சாமி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. மயிரிழை விரிசல்கூட இல்லை.

"தாங்கியிருக்குது அம்மிணி!" என்றார். அந்தச் சந்தோஷத்தில், எதிரே நிற்பது யார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"ஆமாங்க, கொக்கிக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றாள் தங்கமணி. "மரம் ஒரு வேர்ல மாட்டிக்கிச்சாம். வண்டி முன்னாடி தூக்கி, அப்படியே பின்னாடி அவுங்க மேல சாஞ்சிருச்சு. மிச்ச மரம் காட்டுலயே கெடக்குதுங்க. கொழுந்தனார் இழுக்கறேங்கறார். அவர் வண்டிக்கு இதையே மாட்டிக் குடுங்க. அதே ஒசரத்துல."

ஆறுச்சாமி குருவைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து, அதைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

சேர்ந்த புதிதில் அந்த ஸ்டூலை வைத்து அவள் அவருக்குக் காட்டிய பாடம் ஒன்று உண்டு. அவர் ஒரு கயிற்றை எடுத்தார். ஸ்டூல் கால்களின் அடிப்பக்கத்தில் கட்டி, பின்னாலிருந்து இழுத்தார். ஸ்டூல் தரையில் இழுபட்டு வந்தது. அவிழ்த்து, பலகைக்குப் பக்கத்தில் மேலே கட்டி இழுத்தார். மல்லாக்க விழுந்தது.

"கொக்கியப் பின்சக்கர அச்சுக்குக் கீழ மாட்டோணுமுங்க" என்றார், கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "நான் மேல மாட்டிட்டேன்."

தங்கமணி விழுந்து கிடந்த ஸ்டூலை வெகுநேரம் பார்த்தாள்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அவுங்ககிட்டச் சொன்னீங்களா?"

"ஒருக்கா சொன்னனுங்க. கீழ மாட்டினா மரம் மண்ணக் குத்துது, எஸ்டேட்ல எல்லாரும் மேலதான் மாட்டறாங்கன்னு சிரிச்சார். வந்தவர எதுக்குத் திருப்பி அனுப்பறதுன்னு மாட்டிட்டனுங்க."

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பொன்னாத்தாள் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள். ஆறுச்சாமி கொக்கியைக் கீழே வைக்காமல் நின்றார். கட்டைவிரல் அந்த வெல்டிங் மேலேயே போய் வந்தது.

"அம்மிணி, வெல்டிங்குல கொறை ஒண்ணும் இல்லதானுங்களே?"

"இல்லீங்கண்ணா. கொறை இருந்திருந்தா, மரம் மாட்டுனதும் கொக்கி பிஞ்சு போயிருக்கும். தூக்குன வண்டி திரும்பக் கீழ எறங்கியிருக்கும். அவரு நேரா இங்க வந்து உங்களத் திட்டிட்டு நின்னுருப்பாரு."