நாலு மணிக் காபி

மந்திரி படகுத்துறையில் ஓடி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. கையில் இரண்டு கோப்புகள்.

அவர் தேடி வந்த யூஜினா, கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட். மந்திரியைவிடப் பத்து வயது இளையவர். அந்தச் சிறிய தீவு நாட்டின் கால்வாயில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பைலட் ஏறாமல் எந்தக் கப்பலும் நுழைய முடியாது. மந்திரி ஒரு காலத்தில் யூஜினாவிடம் பயிற்சி பெற்றவர். இரண்டு முறை தேறாமல் அரசியலுக்குப் போனவர்.

“டீச்சர், ரெண்டு நாட்டுத் தூதரும் வந்துட்டாங்க.”

“மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க மந்திரி.”

“வடக்கு நாடு பத்து வருஷத்துக்குப் பாதி விலையில அரிசி தருதாம். மேற்கு நாடு நம்ம சூரை மீன் முழுசையும் வாங்கிக்குமாம். அடுத்தவன் கப்பலை உள்ள விடக்கூடாது, அவ்வளவுதான். போன வருஷம் மாநாட்டுல எனக்கு நாற்காலிகூடப் போடல. இன்னிக்கு ரெண்டு தூதரும் என்னைப் பார்த்ததும் எழுந்து நிக்கிறாங்க.”

“எப்ப பதில் சொல்லணும்?”

“பன்னிரண்டு மணிக்கு. ரெண்டு பேரும் அதே கெடுதான். ஒருத்தருக்குச் சரின்னா இன்னொருத்தர் அடிப்பார். அரிசி நின்னா உலை வைக்க முடியாது. மீன் நின்னா அறுநூறு படகு கரையில கிடக்கும். யாருக்குச் சரின்னு சொல்ல?”

“எட்டு மணிக்கு ஒரு கப்பல் இருக்கு. கூட ஏறுங்க.”

அது வடக்கு நாட்டுக் கப்பல். கேப்டன் இருவருக்கும் காபி கொடுத்தார். மந்திரி வாங்கிக்கொண்டார். யூஜினா தன் பிளாஸ்கைத் திறந்தார்.

“பின்னால் மேற்கு நாட்டுக் கப்பல் வருகிறது. அதை நாளை வரை வெளியே நிறுத்த முடியுமா?” என்று கேப்டன் சிரித்தபடி கேட்டார்.

“இடது ஐந்து” என்றார் யூஜினா.

சுக்கான் திரும்பியது. இரு பக்கமும் மணல் கலங்கி மஞ்சளாகப் பொங்கியது. கப்பல் ஒருமுறை நடுங்கியது. காபி தளும்பி மந்திரியின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பிறகு தண்ணீர் நீலமானது. மந்திரிக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அடுத்தது மேற்கு நாட்டுக் கப்பல்.

“முன்னால் போன கப்பலில் என்ன சரக்கு?” என்று அதன் கேப்டன் கேட்டார்.

“வலது பத்து.”

கேப்டன் மந்திரியின் சட்டையைப் பார்த்தார். “அவர்கள் காபி நன்றாக இருந்ததா?”

மந்திரி கோப்பால் கறையை மறைத்தார். துறைமுகம் சேரும்வரை கேப்டன் அவரிடம் பேசவில்லை.

இரண்டு கப்பல்களும் அருகருகே நின்றன. பைலட் படகில் திரும்பும்போது மந்திரி சொன்னார்:

“என்னை ஏன் ரெண்டு தடவையும் தேறவிடலைன்னு இப்பத்தான் தெரியுது. யார் காபி குடுத்தாலும் வாங்கிக்கிறேன்.”

“சட்டையை மாத்திக்குங்க.”

“சரி. ரெண்டு பேருக்கும் இல்லைன்னு சொல்லிடறேன். சேர்ந்து அடிச்சா? மணி பதினொண்ணு ஆயிடுச்சு டீச்சர்.”

யூஜினா நீர்மட்ட அட்டவணையைப் பிரித்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

“பன்னிரண்டுக்குத் தண்ணி வத்திடும். ரெண்டு கப்பலும் வெளிய போக முடியாது. நாலு மணிக்குத்தான் தண்ணி ஏறும், அதுவரைக்கும் யாரும் அடிக்க மாட்டாங்க. தூதர் ரெண்டு பேரையும் நாலு மணிக்கு வரச் சொல்லுங்க. ஒரே மேசை. நம்ம காபி.”