கல்தொட்டிக்கு வந்த மட்டி

அந்தக் காலத்தில், மணலில் புதைந்து கிடக்கும் சிப்பியான மட்டிக்குப் பேச்சு இருந்தது. பேச்சு என்றால் சும்மா பேச்சா, சரியான வாயாடி! ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நீர் ஏறியதும் ஓட்டைத் திறந்தால், நீர் வற்றும் வரை ஓயாது.

அந்தக் கரையில் சந்தனமாரி என்றொரு பெண் இருந்தாள். ஒதுங்கிய விறகு பொறுக்க வருகிறவள், ஒரு மட்டியோடு பேசிப் பேசியே பாதிக் கூடையோடு வீட்டுக்குத் திரும்புவாள். அவளைக் கொம்பையா என்ற உப்பு வண்டிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஊர் இரண்டு நாள் பயணத்தில், கடல் வாடையே வராத செம்மண் காட்டில் இருந்தது. மட்டியிடம் சொல்லிக்கொள்ள வந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

"அழாதட்டி, என்னையும் தூக்கிட்டுப் போ" என்றது மட்டி.

ஒரு கூடை மணல், ஒரு பானை கடல்தண்ணீர், அதற்குள் மட்டி. புகுந்த வீட்டின் பின்புறத்துக் கல்தொட்டியில் அதைக் குடிவைத்தாள்.

கொம்பையா நல்லவன். உப்பு ஏற்றப் போகும்போதெல்லாம் நான்கு பானை கடல்தண்ணீர் கொண்டுவந்தான். தண்ணீர் கலங்கலாக, தூசும் பாசியும் மிதக்க வரும். தன்னை நம்பி வந்த மட்டிக்கு இதையா ஊற்றுவது என்று சந்தனமாரிக்கு மனசு கேட்காது. வேட்டித்துணியை நான்காய் மடித்து, மூன்று தடவை வடிகட்டித்தான் ஊற்றுவாள். தொட்டியின் அடியில் மணலை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாயங்காலம் வேலை முடிந்ததும் தொட்டியோரம் உட்கார்ந்துவிடுவாள். நீர் ஏறும்போது மணல் நுரைக்கிற சத்தம், ஈர மணலில் உள்ளான் குருவிகள் ஓடுகிற ஓட்டம், மழைக்காலத்தில் ஆறு செக்கச்செவேல் என்று வந்து கடலில் விழுவது, எல்லாவற்றையும் பேசுவார்கள். பேசப் பேச சந்தனமாரி அழுதுவிடுவாள். அந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தப் பேச்சுதான்.

எழுந்து போகும்முன் தவறாமல் கேட்பாள்: "ஏட்டி, சாப்ட்டியா?"

"ஆச்சு, ஆச்சு. வயிறு நெறஞ்சு கெடக்கு."

பச்சைப் பொய். தண்ணீரில் மிதக்கிற அந்தத் தூசும் பாசியும்தான் மட்டிக்குச் சாப்பாடு. அதைத்தான் அவள் பார்த்துப் பார்த்து வடிகட்டிக் கொட்டிக்கொண்டிருந்தாள். கை வலிக்கப் பாடுபடுகிறவளிடம் எப்படிச் சொல்வது? போன இடத்தில் குறை சொல்வதாவது! நம் ஆட்களின் புத்தி மட்டிக்கும் அப்படியே இருந்தது.

மாதங்கள் போயின. மட்டியின் பேச்சு குறைந்தது, ஓடு திறப்பதும் குறைந்தது. வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, சந்தனமாரி தொட்டிக்கு மேல் ஓலை வேய்ந்தாள். இன்னும் ஒரு மடிப்புக் கூட்டி வடிகட்டினாள்.

ஒருநாள் அவள் பக்கத்து வீட்டுக்கு நெல் குத்தப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து வந்த கொம்பையா, பானைத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டான். திரும்பி வந்தவள் கலங்கலைக் கண்டு அவனைப் பிடிபிடி என்று பிடித்தாள். பிறகு தொட்டிக்குள் குனிந்தாள். மட்டி ஓட்டை அகலத் திறந்து, ஆவல் ஆவலாகக் கலங்கலை இழுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமாப் பட்டினியாட்டி கெடந்தே? பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ மட்டும்?" என்றது மட்டி மெதுவாக. "ஒங்க அம்மாவுக்குச் சேதி சொல்லி விடும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்'னுதான சொல்லி விட்டே? தெனம் என்கிட்ட வந்து அழுதது யாரு?"

மட்டி போய்விட்டால் தனக்கு யாருமில்லை என்று தெரியும். தெரிந்தும், மறுநாள் விடியும்போது வண்டியில் அவளும் ஏறிவிட்டாள், மட்டியை வைத்த பானை மடியில் இருந்தது.

முகத்துவாரத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. மணலில் இறக்கிவிட்டதும் மட்டி சொன்னது: "இந்த வாய்க்குக் கூச்சம் போகாது, மாரி. மனுசங்க கேட்டா மறுபடியும் 'ஆச்சு'ன்னுதான் சொல்லும். அதனால இனிமே மூடிக்கிடுதேன்."

"என்கிட்டகூடவா?"

"ஒங்கிட்டதான் மொதல்ல. ஒங்கிட்டதான நான் பொய் சொன்னேன்."

மணலுக்குள் இறங்கிவிட்டது. சந்தனமாரி வெகுநேரம் அங்கேயே நின்று அழுதாள். பிறகு அம்மா வீட்டுக்கு நடந்தாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்ட தாயிடம், முதல்முறையாக "இல்ல" என்றாள்.

அன்று முதல்தான், மனிதக் கை பட்டால் மட்டி வாயை இறுக மூடிக்கொள்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத்தண்ணீரில் வைத்து, எவ்வளவு ஆசையாக நீங்கள் கேட்டாலும் பசியென்று அது சொல்லாது. ஒருநாள் உயிர் போய், தொட்டாலும் மூடாமல் அது வாயைத் திறந்தே கிடக்கும். அப்போது கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.