அண்ணாச்சியின் கை எடுத்த கேமரா

கோவில்பட்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி, பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு வைத்திருந்தார். தொட்டால் வாங்கியே ஆகவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

பவளக்கொடிக்குக் காதுகுத்து வீடுகளில் படமெடுத்துப் பிழைக்க ஆசை. அவளுடைய சேமிப்பு ஒரு கேமராவுக்குத்தான் போதும். அது பழுதாக இருந்தால் தொழிலே இல்லை.

"ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டுமா, அண்ணாச்சி?"

"என் வார்த்தையில நம்பிக்கை இல்லையாம்மா? புதுசெல்லாம் இதுக்கிட்ட தோத்துப்போகும்."

"அப்ப யோசிக்கிறேன். அதுக்குள்ள எனக்கொரு பாஸ்போர்ட் போட்டோ எடுங்க. நல்லா விழணும். போன தடவை வேற கடையில எடுத்ததுல, என் வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியலை."

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்தது. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, அலமாரியைத் திறந்து, தன் புதுக் கேமராவை எடுத்துச் சொடுக்கினார்.

பவளக்கொடி எழுந்தாள். "யோசிச்சிட்டேன். பழைய கேமரா வேண்டாம், அண்ணாச்சி."

"என்ன குறை கண்டே?"

"நான் எதுவும் காணலை. நல்லா விழணும்னு சொன்னதும் உங்க கை அந்தப் பெட்டிப் பக்கமே போகலையே."

படமெடுக்கக் கடையில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளோ போட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு, வேறு கடையில் தொட்டுப் பார்த்தே ஒரு கேமரா வாங்கினாள்.

ரோஷம் வந்த அண்ணாச்சி, மறுநாள் முதல் எல்லாரையும் பழைய கேமராவிலேயே எடுத்தார். ஒருவருக்கும் மூக்கு தெளிவாக விழவில்லை. அவர்களெல்லாம் மறுபடி படமெடுக்கப் பவளக்கொடியிடம்தான் போனார்கள்.