லூபின் விதை

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன ஆசிரமம். அதன் குரு நாற்பதைத் தாண்டாத பெண். எல்லோருக்கும் அவர் அம்மா. சிஷ்யை வடிவாம்பாள் வயதில் மூத்தவள் என்பதால் அவளை மட்டும் அவர் அக்கா என்று கூப்பிடுவார்.

ஒருநாள் வடிவு கேட்டாள்.

"அம்மா, என் பொண்ணு கயல் நான் பெத்தவ இல்லை. என் தங்கச்சி பிரசவத்துல போயிட்டா. கைக்குழந்தையா எடுத்து வளர்த்தேன். அவளுக்கு அது தெரியாது. தையில கல்யாணம். சொல்லிடவா, வேண்டாமா?"

"சொல்லாம விட்டா?"

"பந்தியில உட்கார்ந்து எவளாவது உளறிடுவா. சொன்னா, அவ தாங்க மாட்டா."

அம்மா உள்ளே போய் ஒரு கிண்ணமும் சிறு கத்தியும் கொண்டு வந்தார். கிண்ணத்தில் லூபின் பூச்செடியின் விதைகள். கூழாங்கல் போலக் கடினமாக இருந்தன.

"வேலியோரம் போடலாம். ஒவ்வொண்ணாத் தோலைக் கீறி, ஊற வச்சு ஊனுங்க."

"ஐயோ, கத்தியா?"

"தோல்ல மட்டும். அப்பத்தான் தண்ணி உள்ளே போகும்."

வடிவுக்கு மனம் வரவில்லை. கீறாமல், ஊற வைக்காமல் அப்படியே ஊன்றினாள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். பறவை கொத்தாமல் இருக்க மேலே முள் பரப்பினாள். அம்மா தன் பங்குக்குக் கீறி ஊன்றிய விதைகள் விரல் விரித்த கை போல இலை விட்டன. வடிவின் பாத்தியில் ஒன்றும் இல்லை.

சமையல்கார ரெஜினா கேலி செய்தாள். "என்னக்கா, மண்ணைக் குளிப்பாட்டுறீங்களா?"

வடிவு மண்ணைக் கிளறினாள். விதைகள் போட்டபடியே இருந்தன. எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

"கீறலை அம்மா. பயமா இருந்துச்சு."

"தெரியும். இப்பக் கீறுங்க."

வடிவு கத்தியை வைத்து அழுத்தினாள். விதை இரண்டாகப் போனது. கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா, கொன்னுட்டேன்."

"கையில ஆத்திரம் வேண்டாம். பயமும் வேண்டாம். இன்னொண்ணு எடுங்க."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது விதையோட கண். இந்தப் பக்கம் தொடாதீங்க. முதுகுப் பக்கம் வைங்க. மெதுவா. உள்ளே வெளுப்புத் தெரியுதா?"

"தெரியுது."

"போதும். நிறுத்துங்க."

அம்மா அந்த விதையை உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். வடிவு அடுத்ததை எடுத்தாள். பிறகு அதற்கடுத்தது.

கடைசி விதையைத் தண்ணீரில் போட்டுவிட்டு வடிவு சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் போறேன், அம்மா. கயல்கிட்ட சொல்லிடறேன்."

"எவ்வளவு சொல்வீங்க?"

வடிவு யோசித்தாள். "பெத்தவ யாருன்னு சொல்வேன். கயலோட அப்பன் திரும்பிக்கூடப் பார்க்கலைங்கறதை அவளாக் கேட்டாத்தான் சொல்வேன்."

அம்மா தலையசைத்தார்.

"சொல்லிட்டு சாயந்தர பஸ்ஸுலயே வந்திடறேன். அவ அழறதைப் பார்க்க என்னால ஆகாது. இங்கே இந்த விதைகளும் இருக்கே."

"விதையை நான் பார்த்துக்கறேன். நீங்க அங்கேயே இருங்க."

"இருந்து என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வடிவு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மூஞ்சியில முழிக்காதே, போன்னு சொல்லிட்டான்னா?"

"அந்த வீட்டு அடுப்படியில போய் உட்காருங்க, அக்கா. பஸ் மட்டும் ஏறிடாதீங்க."