ஏழு நடை

ஓவர்லாக் மெஷின் வாங்கக் கடன் கேட்டு, தையல்காரி சுடலைவடிவு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏழு நடை நடந்தாள். ஏழாவது நடையில்தான் தலைவர் சங்கரபாண்டியன் வாயைத் திறந்தார், தலையைத் தூக்காமலே.

"நம்ம சங்கத்துல கடன் வாங்கி, முழுசாக் கட்டி முடிச்ச ஒரு உறுப்பினரை ஜாமீனுக்குக் கூட்டிட்டு வா. பணம் தாரேன்."

சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு அவள் தனியாகவே வந்தாள். கூட்டுறவுத் துறை மேலதிகாரியும் வந்திருந்தார். எல்லாரும் சங்கத்து மிக்சரைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஜாமீன் எங்கம்மா?" என்றார் தலைவர், நாலு பேர் சிரிக்கிற மாதிரி.

"ஊர் பூரா தேடிட்டேன் ஐயா. கட்டுறவங்களுக்கு நீங்க கடன் குடுக்கல. வாங்குனவங்க எல்லாம் உங்க வீட்டு ஆளுக, ஒருத்தரும் கட்டல. நீங்க கேக்கிற ஆள் இனிமேதான் உண்டாகணும். என்னையே உண்டாக்குங்க."

மிக்சர் மெல்லுகிற சத்தம் நின்றது. அதிகாரி பேரேட்டைக் கேட்டார். தலைவர் அவசரமாக அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே அதிகாரிக்கு மாற்றல் வந்தது. தலைவர் தலைவராகவே இருந்தார்.

பத்து மாதத்தில் சுடலைவடிவு கடனைக் கட்டி முடித்தாள். மறுநாள் காலையில் தலைவரின் மருமகன் அவள் வாசலில் நின்றான்.

"சங்கத்துல இப்ப எல்லாக் கடனுக்கும் ஜாமீன் கேக்காக. என் கடனுக்கு உங்க கையெழுத்து வேணும். தகுதியான ஆள் நீங்க ஒருத்தர்தான்னு மாமா சொன்னாக."

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இது உங்களுக்கு முதல் நடைதானே தம்பி?"