மாத்திரைக்கு வராதவள்

தாலுகா ஆஸ்பத்திரியில் செவிலியர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் பெர்பெத்துவா. அவரைவிட மூத்தவரான செண்பகவடிவு முதல் வரிசையில் இருந்தார். பிரசவ வார்டில் செண்பகவடிவு சொன்னால் டாக்டர்களும் கேட்பார்கள்.

"ஒரு சந்தேகம் மேடம்," என்று அவர் எழுந்தார். "எங்க வார்டுக்குப் பிரசவத்துக்கு ஒருத்தி வரணும். எட்டு மாசம். எச்.ஐ.வி. இருக்கு. அவ பேரு..."

"பேரு வேண்டாம் சிஸ்டர்."

"சரி. மாத்திரையை விடாம சாப்பிட்டா பிள்ளைக்கு வராம தடுத்திரலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கையில இருந்தது தீரப்போகுது. வாங்க வரல. வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். மாத்திரையும் ஓசி. அப்புறம் என்ன கொழுப்பு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வெள்ளைக் கோட்டு, அடையாள அட்டை ரெண்டையும் கழற்றி இங்க வையுங்க," என்றார் பெர்பெத்துவா. "நம்பிக்கை மையம் வாசல்ல ஒரு பெஞ்சு கிடக்குல்லா, அதுல போய் உக்காருங்க. நான் வந்து கூப்பிடுதேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"இதுக்குப் பேரு பயிற்சியாக்கும்!" செண்பகவடிவு சிரித்துக்கொண்டே போனார்.

நம்பிக்கை மையம் என்பது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் அறை. மாத்திரை கொடுப்பதும் அங்கேதான். வாசலில் பெஞ்சு. மேலே 'எச்.ஐ.வி. பரிசோதனை' என்று பெரிய எழுத்தில் போர்டு. எதிரே ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை. வரிசையில் நிற்பவர்களுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை.

முதலில் ஒரு பெரியவர் பார்த்தார். அடுத்து இரண்டு பெண்கள் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். செண்பகவடிவு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போனில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி போர்டைப் படித்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இரக்கமாகவே கேட்டாள்.

"யாருக்குக்கா? வீட்டுக்காரருக்கா?"

செண்பகவடிவு துள்ளி எழுந்தார். "நான் இங்க நர்சும்மா!"

வரிசை முழுக்கக் கேட்டது.

விறுவிறுவென்று வகுப்புக்குத் திரும்பினார்.

"நான் இன்னும் கூப்பிடலையே சிஸ்டர்."

"அந்தப் பிள்ள என்ன கேட்டுட்டா தெரியுமா?" நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னார்.

"நீங்க நர்சுன்னு சொன்னதும் நம்பினாளா?"

"நம்பினா."

"உங்க எட்டு மாசக்காரிகிட்ட அதையே கேட்டா, அவ என்ன சொல்லணும்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. செண்பகவடிவு உட்காராமலே கேட்டார்.

"மாத்திரையை எங்க கர்ப்பிணிப் பரிசோதனை அறையில வச்சுக் குடுத்தா என்ன மேடம்? அங்க எல்லாரும் வயித்தைத் தள்ளிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாளுக. யாரும் யாரையும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாக."

"குடுக்கலாம். டாக்டர்கிட்ட நான் பேசுதேன். அவ கையில யாரு குடுப்பா?"

"நான்தான்."

"சரி."

"இப்பவே போன் போட்டு வரச் சொல்லட்டுமா? ஆனா வகுப்பு சாயங்காலம் வரைக்கும் இருக்கே."

"உங்களுக்கு முடிஞ்சிட்டு சிஸ்டர்," என்றார் பெர்பெத்துவா.